கசெற்றா கார்ட்டா: வன்னியில் இன்னும் முடியாத கேள்வி

புதுக்குடியிருப்பில் புதிதாக ஸ்ருடியோ போட்டிருக்கும் தம்பி ஒருவர் கமரா வாங்குவது பற்றிக் கதைக்க எங்கள் கடைக்கு வந்திருந்தார். கதைத்துக்கொண்டிருக்கும்போதே அலுமாரிக்குள் இருந்த பழைய கசெற் கமரா அவர் கண்ணில் பட்டுவிட்டது. "அண்ணை, இது வேலை செய்யுதோ? ஏன் இன்னும் வைச்சிருக்கிறியள்?" என்று கேட்டார். வேலை செய்கிறது என்றேன். ஏன் என்பதற்கு அந்த நேரம் ஒழுங்காகப் பதில் சொல்ல இடம் வரவில்லை. கடையில் ஆட்கள் நின்றார்கள், பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. அதன் பிறகும் அந்தக் கேள்வி மனதை விட்டுப் போகவில்லை. வீடியோவைக் கசெற்றில் பதிவதா, மெமரி கார்ட்டில் பதிவதா, அதாவது கசெற்றா கார்ட்டா என்பது உலகம் முழுக்க எப்போதோ முடிந்துபோன விவகாரம். புதிதாக ஒரு கசெற் கமரா வேண்டும் என்று இன்றைக்கு எந்தக் கடைக்குப் போனாலும் கிடைக்காது. அப்படியிருந்தும் வன்னியில் வீடியோ எடுத்துப் பிழைக்கிறவர்களுக்கு அந்தக் கேள்வியில் ஒரு பாதி இன்னும் மிச்சம் இருக்கிறது என்றே நினைக்கிறேன். அதைக் கொஞ்சம் ஆறுதலாக எழுதிப் பார்க்கிறேன்.

மீள்குடியேற்றத்துக்குப் பிறகு கிளிநொச்சியில் நாங்கள் கடை திறந்த நேரம் இது உண்மையாகவே தலையைப் பிய்க்கிற கேள்விதான். ஒரு பக்கம் எல்லோருக்கும் கை பழகிய சோனி பிடி150, பிடி170. 2000 இலும் 2003 இலும் வந்த கமராக்கள். மினிடிவி என்ற சின்ன டிஜிற்றல் கசெற்றில், டிவிகாம் என்ற சோனியின் முறையில் பதியும். பந்தலுக்குள் மங்கிய வெளிச்சத்தில், ஒற்றை லைட்டோடு நிற்கும்போது அவற்றின் அருமை தெரியும். பிறகு அதே கசெற்றில் எச்டி படம் பதிகிற, தோளில் வைக்கிற எச்டிவி கமராக்கள் வந்தன. தோளில் பெரிய கமரா இருந்தால்தான் கலியாணவீட்டில் சனம் விலகி வழி விடும் என்பதால் அவற்றுக்குத் தனி மதிப்பு. மறுபக்கம் கார்ட் கமராக்கள். பனசோனிக் 2004 இல் பி2 என்ற தன் மெமரி கார்ட்டைக் கொண்டுவந்தது. அடுத்த வருடம் வந்த எச்விஎக்ஸ்200 கமராவில் பி2 கார்ட்டும் இருந்தது, மினிடிவி கசெற்றும் இருந்தது. ஒரே கமராவில் இரண்டையும் வைத்து விற்றார்கள் என்றால், கார்ட்டை மட்டும் நம்பி இறங்க அந்த நேரம் வாங்குகிறவர்கள் தயாராக இல்லை என்றுதான் அர்த்தம். அதற்கு நியாயமும் இருந்தது. முழுத் தரத்தில் எச்டி எடுத்தால் 8 ஜிபி பி2 கார்ட் 8 நிமிடத்தில் நிரம்பிவிடும். ஐயர் மந்திரத்தை இழுத்தார் என்றால் தாலிகட்டுக்கு முன்னமே கார்ட் முடிந்துவிடும். 2007 கடைசியில் வந்த சோனி இஎக்ஸ்1 பரவாயில்லை, 16 ஜிபி கார்ட்டில் ஏறக்குறைய 50 நிமிடம் கிடைத்தது. ஆனால் அந்த வகைக் கார்ட்டின் விலை எங்களைப் போன்றவர்களுக்குக் கட்டாது. 2008 அளவில் பனசோனிக் எச்எம்சி150 போன்றவை சாதாரண எஸ்டி கார்ட்டில் பதியத் தொடங்கிய பிறகுதான் கணக்குச் சரிவந்தது.

கணக்கு என்றால் முதலில் நேரமும் கரண்டும். ஒரு மணித்தியாலக் கசெற்றைக் கொம்பியூட்டருக்குள் ஏற்ற ஒரு மணித்தியாலம் ஓட விட வேண்டும். கமராவையும் கொம்பியூட்டரையும் இணைக்கிற ஃபயர்வயர் வயரைக் கொழுவிவிட்டு, படம் உடையாமல் வருகிறதா என்று பார்த்துக்கொண்டு இருக்க வேண்டும். ஒரு கலியாணத்துக்கு நாலு கசெற் என்றால் நாலு மணித்தியாலம். இடையில் கரண்ட் போனால் பின்னால் சுற்றி மறுபடியும் தொடங்க வேண்டும். இல்லாவிட்டால் ஜெனரேற்றருக்கு எண்ணெய் ஊற்ற வேண்டும். ரோர்ச் பற்றரிக்கே தடை இருந்த 90களில், சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோவில் செய்தி கேட்டு வளர்ந்த ஆட்கள் நாங்கள். கரண்டை அளந்து செலவழிப்பது எங்களுக்கு ஊறிப்போன பழக்கம். அந்தக் கண்ணுக்குக் கார்ட் பெரிய வரமாகத் தெரிந்தது. 32 ஜிபி கார்ட்டை ரீடரில் செருகினால் அரை மணித்தியாலத்துக்குள் வேலை முடிந்துவிடும்.

அப்புறம் புழுதி. ஏ9 வீதியைத் திருத்திக்கொண்டிருந்த காலத்தில் கிளிநொச்சியில் செம்புழுதி படியாத பொருள் கிடையாது. மினிடிவி கசெற்றுக்குள் இருக்கும் நாடாவின் அகலம் 6.35 மில்லிமீற்றர். அதில் ஒரு செக்கன் படத்துக்கு 300 கோடுகள், ஒவ்வொன்றும் சாதாரண மினிடிவி முறை என்றால் 10 மைக்ரோன், டிவிகாம் என்றால் 15 மைக்ரோன் அகலத்தில். நிமிடத்துக்கு 9,000 தரம் சுழலும் உருளையில் இருக்கிற ஹெட்தான் அந்தக் கோடுகளை எழுதுகிறது, பிறகு வாசிக்கிறது. அந்த ஹெட்டில் ஒரு துளி புழுதி ஒட்டினால் போதும், மாப்பிள்ளையின் முகம் கட்டம் கட்டமாக உடைந்துவிடும். எச்டிவி என்றால் இன்னும் மோசம். அதில் 12 பிரேம்களை ஒரு கூட்டமாகச் சேர்த்துச் சுருக்கி எழுதுவதால், நாடாவில் ஒரு இடம் பழுதானால் ஏறக்குறைய அரைச் செக்கன் படம் அப்படியே போய்விடும். தாலி ஏறுகிற நேரத்தில் அரைச் செக்கன் போனால் பெண் வீட்டாருக்கு என்ன பதில் சொல்வது? கார்ட்டில் சுழலுகிற பாகம் எதுவும் இல்லை. ஆக நாங்கள் கார்ட் கமராவுக்கு மாறினோம். அது சரியான முடிவு. இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

சாம்பார் வாளியோடு நின்ற பெடியன்

2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சி கந்தசுவாமி கோவிலடியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் போராட்டத்துக்குக் குந்தியபோது, அந்தத் தாய்மார் கையில் பிடித்திருந்த படங்களில் பலவற்றைப் போலவே எங்கள் கடையிலும் சில படங்கள் செய்து கொடுத்திருக்கிறோம். அடையாள அட்டைப் படத்தைப் பெருப்பிப்பது, கலியாணக் கூட்டப் படத்தில் இருந்து ஒரு முகத்தை மட்டும் வெட்டி எடுப்பது, லமினேற் பண்ணுவது. கூட்டப் படத்தில் இருந்து வெட்டும்போது பக்கத்தில் நிற்கிறவரின் தோளோ, மாலையின் ஒரு துண்டோ கட்டாயம் வரும். அதை அழிக்கட்டோ என்று கேட்டால் அனேகமானவர்கள் வேண்டாம், கிடக்கட்டும் என்பார்கள்.

அப்படி வந்த ஒரு அம்மா, விசுவமடுப் பக்கம், படம் செய்து முடிந்த பிறகும் போகாமல் நின்றார். "தம்பி, நீங்கள் வவுனியாவில ஆரிட்ட வேலை பழகினது?" என்று கேட்டார். சொன்னேன். "அவரிட்ட பழைய கசெற்றுகள் இன்னும் கிடக்குமோ?"

விஷயம் இதுதான். 2005 இல் அவருடைய தமையனின் மகளுக்குக் கிளிநொச்சியில் கலியாணம். வீடியோ எடுக்க வவுனியாவில் இருந்து என் குரு போயிருந்தார். போர்நிறுத்தத்தால் ஏ9 பாதை திறந்திருந்த காலம். ஓமந்தையில் ஆமியின் சோதனைச்சாவடியில் சாமான்களை இறக்கிக் காட்டி, புளியங்குளத்தில் இயக்கத்தின் சாவடியில் மறுபடியும் இறக்கிக் காட்டி, ஏற்றிக்கொண்டு போவது வழக்கம். லைட் பிடிக்க நானும் எத்தனையோ கலியாணத்துக்கு அப்படிப் போயிருக்கிறேன். 2009 இல் அந்தக் குடும்பத்தின் அல்பம், சீடி எல்லாம் போய்விட்டன. கனடாவில் இருந்த சொந்தக்காரரிடம் ஒரு கொப்பி இருந்து, அதைப் பிறகு அனுப்பியிருக்கிறார்கள். அதில் அந்த அம்மாவின் காணாமல்போன மகன் வாசலடியில் ஒருதரம் வந்து போகிறான். பின்னால் சினிமாப் பாட்டு ஓடுகிறது. "முகம் படத்தில இருக்குத் தம்பி," என்றார் அந்த அம்மா. "குரல்தான் மறந்துகொண்டு போகுது. அதில அவன் ஏதும் கதைச்சிருப்பானோ?"

எடிற் பண்ணின கொப்பியில் யாருடைய குரலும் இருக்காது. அந்தக் காலத்து வழக்கம் அது: மந்திரத்தையும் மேளத்தையும் கொஞ்சம் விட்டு, மிச்சம் முழுக்கப் பாட்டு. கமராவில் பதிந்த உண்மையான சத்தம் மாஸ்ரர் கசெற்றில் மட்டும்தான் கிடக்கும். குருவுக்குப் போன் எடுத்தேன். அவர் தொழிலை விட்டுக் கனகாலம். கசெற்றுகள் வீட்டில் பிஸ்கட் பெட்டிகளில் இருக்கின்றன, வந்து பார் என்றார்.

ஏன் அவை அங்கே இருந்தன என்பதைச் சொல்ல வேண்டும். குரு அவற்றைப் பாதுகாக்க வேண்டும் என்று திட்டம் போட்டு வைத்திருக்கவில்லை. ஒருதரம் பதிந்த நாடாவில் மேலே இன்னொருதரம் பதிந்தால் படம் உடையும் வாய்ப்புக் கூடும். அதனால் கலியாணத்துக்குப் புதுக் கசெற்தான் என்பது தொழிலில் ஒரு கண்டிப்பு. கசெற்றின் விலை சில நூறு ரூபாய், அதைக் கலியாணவீட்டாரின் கணக்கில் சேர்த்தாயிற்று. வேலை முடிந்தால் அந்தக் கசெற்றால் வேறு பிரயோசனம் இல்லை, எறியவும் மனம் வராது. ஆகவே பெட்டியில் போட்டுவிடுவார். பெட்டி நிரம்பினால் இன்னொரு பெட்டி. ஒவ்வொன்றிலும் போல்பொயின்ற் பேனையால் மாப்பிள்ளை பெண் பெயர், திகதி, 1/4, 2/4 என்று இலக்கம். நாங்கள் தேடியது கிடைத்தது.

அந்த அம்மாவைப் பக்கத்தில் இருத்தி வைத்துக்கொண்டு கமராவில் நேரே போட்டுக் காட்ட எனக்கு விருப்பமில்லை. இடத்தைக் கண்டுபிடித்த பிறகு திரும்பத் திரும்பச் சுற்றச் சொல்வார், நிறுத்தச் சொல்வார் என்று தெரியும். கசெற்றை நிறுத்தி வைத்தால் படம்தான் நிற்கும். உள்ளே ஹெட் அதே இடத்தைத் தேய்த்துக்கொண்டே சுழலும். பன்னிரண்டு வருடப் பழைய நாடா அது. அதனால் நாலு கசெற்றையும் முதலில் முழுதாகக் கொம்பியூட்டரில் ஏற்றினேன். பிறகுதான் அவரைக் கூப்பிட்டேன்.

மூன்றாவது கசெற்றில் பந்தி. குரு கமராவை ஓட விட்டபடி கொட்டிலின் மூலையில் நிற்கிறார். யாரோ முக்கியமான ஆள் வந்து இருக்கும்வரை காத்திருக்கிறார் போல. படம் ஒரு இடத்திலேயே நிற்கிறது. இலை, தண்ணீர்ப் போத்தல், ஜெனரேற்றரின் இரைச்சல். வலது பக்கத்தால் ஒரு பெடியன் சாம்பார் வாளியோடு உள்ளே வருகிறான். சாரத்தை மடித்துக் கட்டியிருக்கிறான். கமரா தன் பக்கம் பார்ப்பதைக் கண்டுவிட்டு, அகப்பையைத் தூக்கி முகத்தை மறைக்கிறான். "அண்ணை, சாப்பிடுற ஆக்களை எடுங்கோ, என்னை ஏன் எடுக்கிறியள்?" என்கிறான், சிரித்துக்கொண்டு. பிறகு உள்பக்கம் திரும்பி, "இஞ்சால சோறு காணாது!" என்று கத்துகிறான். அவ்வளவுதான். அடுத்த இலைக்குப் போய்விடுகிறான்.

அந்த அம்மா அழவில்லை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அவன்ர குரல் இப்பிடி இல்லைத் தம்பி," என்றார். எனக்குத் திடுக்கென்றது, வேறு பெடியனோ என்று நினைத்தேன். "அண்டைக்கு அவனுக்குத் தடிமன். தொண்டை கட்டியிருந்தது. நான் மல்லி அவிச்சுக் குடுத்தனான்." அதைச் சொன்ன பிறகு மறுபடியும் போடச் சொன்னார். அன்றைக்குப் பின்னேரம் முழுக்க அதைத்தான் போட்டுக்கொண்டிருந்தோம். போகும்போது அந்தத் துண்டை அவருடைய போனில் ஏற்றிக் கொடுத்தேன்.

எடுக்கிறபோதே அழிகிறது

அதற்குப் பிறகு நான் கார்ட் கமராவோடு போகும் ஒவ்வொரு கலியாணத்திலும் ஒன்றைக் கவனிக்கத் தொடங்கினேன். இப்போது அப்படி ஒரு துண்டு எங்கள் யாரிடமும் பதிவாகாது. பதிவானாலும் மிஞ்சாது.

கசெற் கமராவில் வேலை பழகியவனுக்கு முதலில் சொல்லிக் கொடுப்பது, பட்டனை அடிக்கடி நிறுத்தித் தொடங்காதே என்பதுதான். எடிற்றிங் மெசின் கசெற்றைப் பிடித்து ஓடத் தொடங்க முன்னால் சில செக்கன் படம் வேண்டும். படத்தோடு சேர்ந்து பதிகிற நேர இலக்கமான ரைம்கோட் இடையில் அறுந்தால் ஏற்றும்போது சிக்கல். அதனால் தேவையான காட்சிக்கு முன்னும் பின்னும் ஓட விடுவோம். ஒரு ஆளுக்காகக் காத்திருக்கும்போது சும்மா ஓட விடுவோம். அந்தச் சும்மா ஓடிய இடங்களில்தான் ஆட்கள் தங்கள் பாட்டில் இருந்தார்கள். மணவறைக்கு முன்னால் நிற்கிறவர்கள் படத்துக்கு நிற்கிறார்கள்; பந்தியில், வாசலில், கிணற்றடியில் நிற்கிறவர்கள் கதைக்கிறார்கள். அதோடு, கசெற்றில் நடுவில் ஒரு துண்டைப் பிடிக்கவில்லை என்று எடுத்து எறிய முடியாது. நாடா முழுதாக இருக்கும், அல்லது முழுதாகப் போகும்.

கார்ட்டில் இதெல்லாம் தலைகீழ். ஒவ்வொரு பட்டன் அழுத்தலும் தனி ஃபைல். திரையில் சின்னச் சின்னப் படமாக வரிசையாகத் தெரியும். மண்டபத்தில் இருந்தபடியே, இது ஆடியிருக்கிறது, இதில் யாரோ குறுக்கே போகிறார், இதில் ஒன்றும் இல்லை என்று அழித்துக்கொண்டே போகலாம். கார்ட் நிரம்பப் போகிறது என்றால் கட்டாயம் அழிப்பார்கள். சாம்பார் வாளிப் பெடியன் குறுக்கே வந்த துண்டு அந்த வரிசையில் முதலாவதாகப் போயிருக்கும். மிச்சம் கொம்பியூட்டருக்கு வரும், எடிற் முடியும், பென்டிரைவில் குடும்பத்துக்குப் போகும். அடுத்த கிழமைக் கலியாணத்துக்குக் கார்ட் வேண்டும், ஃபோர்மற். அடுத்த மாத வேலைக்கு ஹார்ட் டிஸ்க்கில் இடம் வேண்டும், அந்த ஃபோல்டரும் போய்விடும். இதில் யாரையும் குறை சொல்ல முடியாது. கார்ட் திரும்பத் திரும்பப் பாவிப்பதற்காகச் செய்த பொருள். அதன் முழு லாபமும் அதில்தான் இருக்கிறது.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம், 2013 இல் நடந்த தங்கள் கலியாணத்தின் முழுப் பதிவைத் தேடி, அதை எடுத்த ஸ்ருடியோவுக்குப் போனது. பெண்ணின் தாத்தா அன்றைக்கு மைக்கைப் பிடித்து வாழ்த்திப் பேசியிருக்கிறார். கொடுத்த கொப்பியில் அந்தப் பேச்சுக்கு மேல் பாட்டுப் போட்டிருந்தார்கள். தாத்தா இறந்த பிறகு அவர் பேசியதைக் கேட்க வேண்டும் என்று ஆசை. மூன்று மாதத்துக்கு மேல் வைத்திருக்க மாட்டோம் என்று பதில் வந்திருக்கிறது. 2005 கலியாணத்தில் பந்தி பரிமாறிய ஒருவனின் குரலை எடுக்க முடிந்தது. எட்டு வருடம் பிந்தி, அதைவிட நல்ல கமராவில், மைக்கில் பேசியவரின் குரலை எடுக்க முடியவில்லை.

இதை வாசித்துவிட்டு நான் கசெற்றுக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று நினைக்க வேண்டாம். வவுனியாவில் அந்தப் பெட்டிகள் தப்பியதற்குக் காரணம் அவை வவுனியாவில் இருந்தது. ஓமந்தைக்கு வடக்கே இருந்த கசெற்றுகளுக்கு என்ன நடந்தது என்று எல்லோருக்கும் தெரியும். ஸ்ருடியோ ஸ்ருடியோவாகப் போனது. கிளிநொச்சியில் இருந்து விசுவமடு, அங்கிருந்து புதுக்குடியிருப்பு, பிறகு முள்ளிவாய்க்கால் என்று நகர்ந்தவர்கள் கசெற்றைச் சுமக்கவில்லை. சுமக்கவேண்டிய வேறு பாரங்கள் இருந்தன. சிலர் வளவில் தாட்டுவிட்டுப் போனார்கள். அப்படித் தாட்டு, திரும்பி வந்து கிண்டி எடுத்த விஎச்எஸ் கசெற் ஒன்று என் கைக்கு வந்தது. பொலித்தீன் சுற்றியிருந்தும் மாரி ஈரம் உள்ளே போயிருந்தது. கண்ணாடி வழியாகப் பார்த்தால் சுருளின் விளிம்பு முழுக்க வெள்ளைப் பூஞ்சணம். அப்படியே மெசினில் போட்டால் ஹெட்டும் போகும், நாடாவும் அறுந்துபோகும். அடிப்பக்கத்து ஐந்து ஆணியைக் கழற்றி, மூடியை மெல்லத் தூக்கி, இரண்டு சுருளையும் எடுத்து, தூசு விடாத துணியால் நாடாவைப் பிடித்தபடி கையால் சுற்றிச் சுற்றித் துடைத்து, வேறொரு நல்ல கசெற்றின் கோதுக்குள் மாற்றிப் போட்டேன். மூக்குக்கும் வாய்க்கும் துணி கட்டாமல் அந்த வேலை செய்யக்கூடாது. பாதிப் படம் வந்தது. அந்தப் பாதிக்கே அந்த வீட்டில் அயலட்டைச் சனம் கூடிவிட்டது.

மிச்சமிருக்கும் கசெற்றுகளுக்கும் காலம் முடிந்துகொண்டு வருகிறது. அவுஸ்திரேலியத் தேசிய திரைப்பட ஒலி ஆவணக்காப்பகம் 2025 ஐக் கெடுவாக வைத்து எச்சரித்தது. யுனெஸ்கோவும் ஒலி, ஒளி ஆவணக் காப்பகங்களின் சர்வதேசச் சங்கமும் சேர்ந்து காந்த நாடாக்கள் பற்றி அபாய அறிவிப்பே விட்டன. நாடா அழிவதைவிட, அதை ஓட்ட மெசின் இல்லாமல் போவதுதான் அவர்கள் சொன்ன முக்கியமான சிக்கல். அது உண்மை. ஹெட் தேய்ந்தால் மாற்ற ஹெட் கிடையாது. புது லப்ரொப்புகளில் ஃபயர்வயர் ஓட்டையே இல்லை. அலுமாரிக்குள் இருக்கும் கமராவை நான் ஏன் விற்கவில்லை என்பதற்கு அந்தத் தம்பிக்குச் சொல்லியிருக்க வேண்டிய பதில் இதுதான்: அது இப்போது படம் எடுக்கிற கமரா இல்லை, வவுனியாப் பெட்டிகளைத் திறக்க எங்களிடம் இருக்கும் ஒரே சாவி. அதன் ஹெட்டில் மிச்சம் இருக்கும் மணித்தியாலங்களை எந்தக் கசெற்றுக்குச் செலவழிப்பது என்று இருந்து யோசித்துத்தான் ஒவ்வொன்றையும் உள்ளே போடுகிறேன். 2002 தொடக்கம் 2006 வரை ஓமந்தைக்கு வடக்கே எடுத்தவை முதலில். மிச்சம் பிறகு.

பில்லில் ஒரு வரி

ஆக, வைத்திருக்க எது நல்லது என்றால், கார்ட்தான். கசெற்றின் கொப்பி ஒன்று எடுக்க அதன் நீளம் முழுக்க மெசின் ஓட வேண்டும். கார்ட்டில் இருக்கும் ஃபைலை ஒரே நாளில் கிளிநொச்சியில் ஒன்று, வவுனியாவில் ஒன்று, லண்டனில் ஒன்று என்று வைக்கலாம், எழுத்துக்கு எழுத்து அப்படியே இருக்கும். 2009 க்கு முன்னால் அந்த வசதி எங்களிடம் இருந்திருந்தால் என்று நினைக்காத வீடியோக்காரர் வன்னியில் இருக்க மாட்டார். வித்தியாசம் எங்கே என்றால், கசெற் யாரும் ஒன்றும் செய்யாமலே மிஞ்சியது. கார்ட் யாரும் ஒன்றும் செய்யாவிட்டால் அழிந்துவிடும். மிஞ்ச வேண்டும் என்றால் யாரோ ஒருவர் முடிவெடுத்துக் காசு செலவழிக்க வேண்டும். அந்தக் காசு எங்கள் பில்லில் இருந்து எப்போது காணாமல் போனது என்றால், கசெற் போன அன்றைக்கு. "கசெற் 4" என்று எழுதிய வரிக்குப் பதிலாக ஒன்றும் வரவில்லை. கார்ட் எங்களுடையது, எத்தனை தரமும் பாவிக்கலாம், அதற்கு வாடிக்கையாளரிடம் என்ன காசு கேட்பது என்று அந்த வரியை அப்படியே விட்டுவிட்டோம். விலை குறைத்துப் போட்டி போடவும் அது வசதியாக இருந்தது.

செலவு சின்னதில்லை. மினிடிவி காலத்தில் ஒரு மணித்தியாலம் ஏறக்குறைய 13 ஜிபி. இப்போது 4கே என்று செக்கனுக்கு 100 மெகாபிற்றில் எடுத்தால் மணித்தியாலத்துக்கு 45 ஜிபி. இரண்டு கமரா, ஆறு மணித்தியாலம் என்றால் 540 ஜிபி. ஒரு ரெராபைற் ஹார்ட் டிஸ்க்கில் இரண்டு கலியாணத்தைக்கூட அடைக்க முடியாது. 4கே வேண்டும் என்று கேட்கிறவர்களுக்கு இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். ரீவியில் பார்ப்பதற்கு மட்டும் என்றால் சாதாரண எச்டி போதும், அந்தக் காசை வைப்பதற்குச் செலவழியுங்கள் என்றுதான் நான் சொல்லுகிறேன்.

இப்போது எங்கள் பில்லில் அந்த வரி மறுபடியும் இருக்கிறது. "மூலப் பதிவு, ஹார்ட் டிஸ்க்" என்று தனியாக எழுதி விலை போடுகிறோம். ஒன்று குடும்பத்தின் கையில், இன்னொன்று வேறு ஊரில் எங்கள் சொந்தக்காரர் வீட்டில். இளம் மாப்பிள்ளைமார் முதலில் இது எதற்கு, யூரியூப்பில் போட்டால் சரிதானே என்று கேட்பார்கள். பக்கத்தில் இருக்கும் தாயோ மாமியோ விலையைக்கூடக் கேட்காமல் "போடுங்கோ தம்பி" என்று சொல்லிவிடுவது பலதரம் நடந்திருக்கிறது. அந்த வயது ஆட்களுக்கு விளக்கம் தேவைப்படுவதில்லை.

புதுக்குடியிருப்புத் தம்பிக்குச் சொல்ல வேண்டியதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இரண்டு கார்ட் போடுகிற கமராவாக வாங்குங்கோ. ஒன்று முடிந்து மற்றதுக்குப் போகிற மாதிரி வைக்காமல், இரண்டிலும் ஒரே நேரம் பதிகிற மாதிரி வைச்சு எடுங்கோ. மண்டபத்தில் நின்று எதையும் அழிக்க வேண்டாம். வீட்டுக்கு வந்தும் வேண்டாம். காட்சி முடிந்தாலும் ஐந்து செக்கன் ஓட விட்டுத்தான் பட்டனை நிறுத்துங்கோ. மணவறையில் இருந்து ஒருதரம் இறங்கிப் பந்திக்குப் போய்க் கமராவை ஓட விட்டுக்கொண்டு நில்லுங்கோ, யாரையும் போஸ் கொடுக்கச் சொல்லாமல். பென்டிரைவில் கொடுத்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்க வேண்டாம். எதிலும் கொழுவாமல், கரண்ட் கிடைக்காமல் வருடக்கணக்காகக் கிடந்தால் அதற்குள் இருக்கும் மின்னேற்றம் மெல்லக் கசியும், எங்கள் பங்குனி சித்திரை வெக்கையில் இன்னும் கெதியாக. ஹார்ட் டிஸ்க்கையும் வருடத்துக்கு ஒருதரமாவது எடுத்துக் கொழுவி ஓட்டிப் பார்க்க வேண்டும். ஒரு டிஸ்க் சத்தம் போடத் தொடங்கினால் அன்றைக்கே அடுத்ததுக்கு மாற்றிவிடுங்கோ.

இன்னொரு பக்கம், பாதை திறந்திருந்த அந்த வருடங்களில் வன்னியில் கலியாணம், சாமத்தியவீடு, கோவில் திருவிழா என்று எடுத்த கசெற்றுகளின் கொப்பிகள் கனடாவின் ஸ்காபரோவிலும் லண்டன் ஈஸ்ட்ஹாமிலும் பாரிஸ் லாசப்பலிலும் வீடுகளில் கிடக்கின்றன. ஊருக்கு வந்து போனவர்கள் தங்கள் சின்னக் கமராவில் எடுத்தவையும் கிடக்கின்றன. ஓட்டுகிற மெசின் உங்கள் ஊரில் இன்னும் இருக்கும்போதே அவற்றை ஏற்றிவிடுங்கள். கசெற்றின் ஓரத்தில் இருக்கும் சின்ன விசையைச் சேவ் பக்கம் தள்ளிவிடுங்கள், தவறி மேலே எதுவும் பதியாது. ஒருதரம் கடைசிவரை சுற்றி, திருப்பித் தொடக்கத்துக்குச் சுற்றி, பிறகு ஓட விடுங்கள். கொடுத்துச் செய்விக்கிற இடத்தில், நல்ல பகுதியை மட்டும் எடுத்துத் தரட்டோ என்று கேட்பார்கள். வேண்டாம், முழுதாக வேண்டும் என்று சொல்லுங்கள்: பந்தி, வாசல், ஐயர் எழும்பிப் போன பிறகும் கமரா ஓடிய பகுதி, ஒன்றும் இல்லை என்று தெரிகிற இடங்கள், எல்லாம். பாட்டுப் போட வேண்டாம் என்றும் சொல்லிவிடுங்கள்.